ஆழ்கிணற்றின் வெடிப்பை அடைத்த நுண்ணங்கி: ஒரு நூற்றாண்டுக் கதை

1996ஆம் ஆண்டின் பிற்பகுதி. கலைமாணிப் பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொழும்பிலே ஒரு தமிழ் நாளேட்டின் வெளிநாட்டுச் செய்திப் பிரிவில் நான் சேர்ந்திருந்த காலம். இரவுப் பணியின்போது செய்தி நிறுவனமொன்றின் தாளில் நோர்வேயிலிருந்து ஒரு செய்தி வந்திருந்தது. வடகடலில் ஸ்லெய்ப்னர் என்னும் எரிவாயு வயலில், இயற்கை வாயுவிலிருந்து பிரித்தெடுத்த காபனீரொட்சைட்டைக் காற்றில் விடாமல், கடலடியின் கீழே ஏறத்தாழ 1000 மீற்றர் ஆழத்திலுள்ள உட்சிரா என்ற மணற்கல் படைக்குள் செலுத்தத் தொடங்கிவிட்டார்கள் என்பதே செய்தி. நோர்வே 1991இல் விதித்த காபன் வரிதான் அந்த நிறுவனத்தை இந்த வழிக்குத் தள்ளியது. ஆண்டுக்குச் சுமார் 10 இலட்சம் தொன் வாயு நிலத்தின் அடிக்குப் போகும் என்று இருந்தது. பேச்சு வழக்கில் நாம் கரியமில வாயு என்போமே, அதுதான் இந்தக் காபனீரொட்சைட்டு.

நான் அதை ஆறு வரிகளாகச் சுருக்கி, 'கடலடியில் கரியமில வாயுவுக்கு ஆயுட்சிறை' என்று தலைப்பிட்டுப் பிரதம உதவி ஆசிரியரின் மேசையில் வைத்தேன். தலைப்பு நன்றாக வாய்த்துவிட்டது என்ற பெருமிதம் எனக்கு. அவர் மூக்குக்கண்ணாடியை மேலேற்றிக்கொண்டு ஒரு தடவை வாசித்தார்.

"தம்பி, சிறை என்று போட்டிருக்கிறீர். நல்லது. இந்தச் சிறைக்குக் கதவு எங்கே இருக்கிறது?"

எனக்கு விடை தெரியவில்லை. பக்கம் அச்சுக்குப் போகவேண்டிய நேரம். தலைப்பு அப்படியே போயிற்று.

அந்தக் கேள்வி விளையாட்டுக்குக் கேட்கப்பட்டதன்று. பத்து ஆண்டுகளுக்கு முன்னர், 1986 ஆகஸ்ட் 21ஆம் திகதி இரவு, ஆபிரிக்காவின் கமரூன் நாட்டிலே நியொஸ் என்னும் எரிமலை ஏரியின் அடியில் கரைந்து கிடந்த காபனீரொட்சைட்டு திடீரெனப் பொங்கி மேலே வந்து, மலைச்சரிவுகள் வழியே ஊர்களுக்குள் இறங்கியது. காற்றைவிடக் கனமான வாயு அது. உறக்கத்தில் இருந்தோரும் அடுப்படியில் இருந்தோருமாக 1700க்கும் மேற்பட்ட மனிதர் மூச்சடைத்து இறந்தனர். கால்நடைகளும் ஆயிரக்கணக்கில் மாண்டன. அப்போது எனக்குப் பதினைந்து வயது. யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுக்கு வரும் பத்திரிகையில் அது சிறிய செய்தியாக வந்திருந்தது. குண்டு வீச்சும் ஷெல்லடியும் எங்கள் நாட்களை நிறைத்திருந்த காலமாயினும், சத்தமே இல்லாமல் ஒரு ஊர் முழுவதும் இறந்துபோகலாம் என்ற எண்ணம் பல நாட்கள் என்னை விட்டு அகலவில்லை. பிரதம உதவி ஆசிரியரும் அந்த ஏரியை நினைத்தே கேட்டிருப்பார் என்று பின்னாளில் எனக்குத் தோன்றியது.

நியொஸ் ஏரியும் ஸ்லெய்ப்னரும் ஒன்றல்ல என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஏரியிலே வாயு திறந்த நீரில் கரைந்து கிடந்தது. தண்ணீர் புரண்டதும் ஒரே மூச்சில் வெளியேறியது. நிலத்தடிச் சேமிப்பிலோ அது மணற்கல்லின் மயிர்த்துளைகளுக்குள் அமுக்கத்துடன் செறிந்திருக்கும். மேலே நீர் கசியாத களிப்பாறை மூடியாக இருக்கும். ஏறத்தாழ 800 மீற்றருக்குக் கீழே, 31 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பநிலையும் வளிமண்டலத்தின் 73 மடங்கான அமுக்கமும் கிட்டும்போது, அது வாயுவுமன்றித் திரவமுமன்றி, அடர்ந்ததொரு நிலையை அடைகிறது. இயற்கையே இப்படிப் பல இலட்சம் ஆண்டுகளாகச் சேமித்து வைத்த இடங்கள் உண்டு. மூடிப்பாறை நல்லதாயின் அச்சத்துக்குக் காரணம் குறைவு.

ஆனால் மூடிப்பாறையில் ஓட்டை போட்டவன் மனிதன். அதுதான் கதவு. வாயுவை உள்ளே அனுப்ப ஒரு கிணறு வேண்டும். உள்ளே நடப்பதைக் கண்காணிக்க வேறு கிணறுகள் வேண்டும். அதே நிலத்தில் எண்ணெய் தேடியவர்கள் தோண்டிவிட்டுப் போன பழைய கிணறுகளும் இருக்கக்கூடும். அமெரிக்காவில் மட்டும் கைவிடப்பட்ட எண்ணெய், எரிவாயுக் கிணறுகள் 30 இலட்சத்துக்கும் மேல் என்பது அந்நாட்டுச் சுற்றாடல் பாதுகாப்பு முகவர் நிலையத்தின் மதிப்பீடு. மிகப் பழையவற்றைக் கல்லும் மண்ணும் மரக்குற்றியும் போட்டு மூடிவிட்டுப் போயிருக்கிறார்கள். சிலவற்றின் இருப்பிடமே எவருக்கும் தெரியாது.

யூட்டா மாநிலத்தில் கிறீன் ரிவர் நகருக்கு அருகே ஒரு வேடிக்கை உண்டு. 1930களின் நடுப்பகுதியில் எண்ணெய் தேடி அங்கே ஆழத் துளைத்தார்கள். எண்ணெய் கிடைக்கவில்லை, இயற்கையாகத் தேங்கியிருந்த காபனீரொட்சைட்டுக்கு வழி கிடைத்தது. அன்றிலிருந்து குளிர்ந்த நீரும் வாயுவும் அந்தக் குழாய் வழியே விட்டுவிட்டுப் பீறிடுகின்றன. கிறிஸ்டல் கெய்சர் என்று பெயரிட்டு, சுற்றுலாப் பயணிகள் போய்ப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அது கதவு திறந்து கிடக்கும் சிறை.

நவீன கிணறொன்றின் அமைப்பைச் சற்று விளக்கினால்தான் மேற்கொண்டு செல்லலாம். துளைத்த குழிக்குள் உருக்குக் குழாயை இறக்குவர். குழாய்க்கும் பாறைக்கும் இடையிலுள்ள வளைய இடைவெளியில் சீமெந்துக் குழம்பை ஏற்றி இறுகவிடுவர். அந்தச் சீமெந்து வளையமே உண்மையான பூட்டு. சீமெந்து இறுகும்போது சுருங்கலாம், அமுக்கமும் வெப்பமும் மாற மாற, உருக்கிலிருந்து மயிரிழை அளவு விலகலாம், வெடிக்கலாம். அந்த மயிரிழை வழியே வாயு மேலே ஏறும். அடைப்பதற்கு வழக்கமான வழி மேலும் சீமெந்தை அமுக்கிச் செலுத்துவதுதான். ஆனால் சீமெந்துக் குழம்பு தடித்தது. அதன் துகள் பெரியது. மெல்லிய வெடிப்பின் வாயிலிலேயே அது தேங்கி நின்றுவிடும். தண்ணீரைப் போல் உள்ளே ஓடி, பிறகு கல்லாக மாறும் பொருள் ஒன்று வேண்டும்.

அப்படியொன்று நெடுங்காலமாக மண்ணிலே இருந்தது.

பாரிஸ் மொன்சூரி வானாய்வு நிலையத்தில் காற்றிலுள்ள கிருமிகளை எண்ணுவதையே வாழ்க்கைப் பணியாகக் கொண்டிருந்த பியெர் மிக்கெல் என்பவர், சிறுநீரிலுள்ள யூரியாவை அமோனியாவாக்கும் பக்ரீரியாக்களையும் ஆராய்ந்தார். மண்ணிலும் கழிவிலும் வாழும் அவற்றுள் ஒன்றை 1889இல் விவரித்தபோது லூயி பாஸ்ரரின் பெயரை அதற்குச் சூட்டினார். இன்று அதன் அறிவியற் பெயர் ஸ்போரோசார்சினா பாஸ்ச்சூரி. சிறுநீர்க் குழியின் மூக்கைத் துளைக்கும் நாற்றத்துக்குக் காரணமான கூட்டத்தில் ஒன்று என்று சொன்னால் எளிதாக விளங்கும். ஒரு மேதைக்கு இப்படியும் மரியாதை செய்யலாமோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

யூரியாவைப் பிளக்கும் வேலையைச் செய்வது யூரியேஸ் என்னும் நொதியம். அது எத்தகைய பொருள் என்பதைக் கண்டறிந்தவரின் கதை, இந்த வரலாற்றில் நான் மிக விரும்பும் பகுதி.

ஜேம்ஸ் சம்னர் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்தவர். இடக்கைப் பழக்கமுள்ளவர். பதினேழாவது வயதில் வேட்டைக்குப் போனபோது உடன் வந்தவரின் துப்பாக்கிச் சூடு தவறுதலாக இடக்கையில் பட்டு, முழங்கைக்குக் கீழே அதை அகற்ற வேண்டியதாயிற்று. அவர் வலக்கையால் எல்லாவற்றையும் புதிதாகக் கற்றார், ரெனிஸ்கூட ஆடினார். ஹார்வர்ட்டில் இரசாயனம் படிக்கப் போனவரிடம், ஒற்றைக் கையுடன் ஆய்வுகூடத்தில் தேறமுடியாது, சட்டம் படியும் என்று பேராசிரியர் ஒட்டோ ஃபோலின் புத்தி சொன்னார். சம்னர் கேட்கவில்லை, கலாநிதிப் பட்டத்தை அந்தப் பேராசிரியரிடமே பெற்றார்.

கோர்னெல் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானபின், 1917இல், ஒரு நொதியத்தைத் தூய நிலையில் பிரித்தெடுப்பது என்று தீர்மானித்தார். பணமும் குறைவு, உதவியாளரும் குறைவு, கற்பித்தல் வேலையோ அதிகம். யூரியேஸ் நிறைந்த பொருளாக அவர் தெரிந்தெடுத்தது நம் ஊரின் வாளவரைக்கு நெருங்கிய உறவான ஓர் அவரை விதை. அதை அரைத்து, கரைத்து, வடித்து ஒன்பது ஆண்டுகள் உழைத்தார். 1926இல் ஒரு நாள், அசற்றோன் கலந்த நீரில் வடித்த சாற்றை இரவு முழுவதும் குளிரில் வைத்துவிட்டு, மறுநாள் ஒரு துளியை நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது சின்னஞ்சிறு பளிங்குகள் தெரிந்தன. அவை யூரியேஸ். அவை புரதம்.

நொதியம் புரதமாக இருக்க முடியாது என்பது அக்காலத்து ஜேர்மனியின் பெரும் இரசாயனவியலாளர், நோபல் பரிசு பெற்ற ரிச்சார்ட் வில்ஸ்டாட்டரின் கொள்கை. அவர் பக்கமே உலகம் நின்றது. 1930இல் ஜோன் நோர்த்ரொப் பெப்சினைப் பளிங்காக்கிய பிறகே காற்று திசைமாறியது. 1946இல் சம்னருக்கு நோபல் பரிசின் பாதி கிடைத்தது. மற்றப் பாதியை நோர்த்ரொப்பும் வெண்டெல் ஸ்ரான்லியும் பகிர்ந்துகொண்டனர்.

இனி யூரியேசின் வேலையைப் பார்ப்போம். யூரியா பிளந்தால் அமோனியாவும் காபனேற்றும் உண்டாகும். நீர் காரத்தன்மை அடையும். அந்த நீரில் கல்சியமும் கரைந்திருந்தால், காபனேற்று அதனைப் பற்றிக்கொண்டு கல்சியம் காபனேற்றாகப் படியும். அதாவது சுண்ணக்கல். பக்ரீரியாவின் உடலைச் சுற்றியே பளிங்கு வளர்வதால் அது தன் கல்லறையைத் தானே கட்டிக்கொள்கிறது எனலாம். மண்ணின் பக்ரீரியாக்கள் பலவும் தக்க உணவு கிடைத்தால் இவ்வாறு கல்சைற்றுப் பளிங்கை உண்டாக்கும் என்று 1973இல் ஸ்பானிய ஆய்வாளர்கள் 'நேச்சர்' இதழில் எழுதினர். பிரான்சிலே இதைத் தேய்ந்துபோன சுண்ணக்கல் கட்டடங்களுக்கு மருந்தாக்கினர். 1993இல் தூவார் நகரத்துச் சென் மெடார் தேவாலயக் கோபுரத்தில் பக்ரீரியாவைத் தெளித்துப் பார்த்தார்கள்.

இதை நிலத்தின் அடிக்குக் கொண்டுபோனவர்கள் மொன்டானா அரச பல்கலைக்கழகத்தார். போஸ்மன் நகரிலுள்ள அப்பல்கலைக்கழகத்தில் 1990இல் பில் கராக்லிஸ் என்ற பொறியியலாளர் ஓர் ஆய்வு நிலையத்தை நிறுவினார். குழாய்களிலும் பற்களிலும் மருத்துவக் கருவிகளிலும் வழுவழுப்பான படலமாக ஒட்டிக்கொள்ளும் நுண்ணங்கிக் கூட்டங்களை ஆராய்வதே அதன் வேலை. அவர் 1992இல் மறைந்தார். பின்னர் கனடாவிலிருந்து வந்த பில் கொஸ்டர்ட்டன் பொறுப்பேற்றார். குழாயை அடைத்துத் தொல்லை தரும் கிருமியை எப்படி ஒழிப்பது என்று தொடங்கிய இடத்தில், அடைப்பதுதான் அதன் திறமை என்றால் அடைக்க வேண்டிய இடத்தில் அதை விட்டால் என்ன என்ற கேள்வியும் பிறந்தது. அல் கனிங்ஹாம், ரொபின் கேர்லாக், ஏட்ரியன் பிலிப்ஸ் முதலியோர் கண்ணாடிக் குழாயில் மணல், பின்னர் மணற்கல் உருளை, பின்னர் உயர் அமுக்கக் கலன் என்று பல ஆண்டுகள் படிப்படியாக முன்னேறினர்.

2014இல் அவர்கள் அலபாமா மாநிலத்துக்குச் சென்றனர். வோக்கர் மாவட்டத்தில் கோர்காஸ் என்ற நிலக்கரி அனல் மின்நிலையம். அதன் வளவிலே, அந்த நிலம் காபனீரொட்சைட்டைப் புதைக்க ஏற்றதா என்று அறிவதற்காகத் தோண்டிய கிணறு ஒன்று இருந்தது. அதில் 340.8 மீற்றர் ஆழத்தில், ஃபயற் மணற்கல் படையில், நீரை அமுக்கிச் செலுத்தி வேண்டுமென்றே ஒரு வெடிப்பை உண்டாக்கினார்கள். நோயை உண்டாக்கிவிட்டு மருந்தைப் பரீட்சிப்பது போன்றது இது.

வியப்பு என்னவென்றால், அதற்கு அவர்கள் பயன்படுத்திய கருவி வாளிதான். எண்ணெய்க் கிணற்றுக்காரர் கம்பியில் கட்டி இறக்கும், நீண்ட குழாய் வடிவிலான வாளி. எங்கள் ஊரில் துலாவிலே பட்டையைக் கட்டித் தண்ணீர் மொண்டு தோட்டத்துக்கு இறைத்தார்கள். இவர்கள் நிரப்பிய வாளியைக் கீழே இறக்கி, அங்கே கவிழ்த்துவிட்டு வெறும் வாளியை மேலே எடுத்தார்கள். ஒரு தடவை பக்ரீரியாக் கரைசல். அடுத்தடுத்துப் பல தடவை யூரியாவும் கல்சியமும் கலந்த கரைசல். இப்படிப் பக்ரீரியா 6 முறையும், யூரியா-கல்சியக் கரைசல் 24 முறையும் இறங்கின. யூரியா நமது வயலுக்குப் போடும் அதே பசளை.

கணக்கு இவ்வாறு வந்தது. தொடக்கத்தில் அந்த வெடிப்பு நிமிடத்துக்கு 1.9 லீற்றர் நீரை உள்வாங்கியது, முடிவில் 0.47 லீற்றர்தான் போயிற்று. கிணற்றை மூடி வைத்தால் அமுக்கம் முன்னர் 30 வீதத்துக்கும் மேல் இறங்கியது. பின்னர் 7 வீதமே இறங்கியது. அதே வெடிப்பை மறுபடி விரிக்க முயன்றபோது முன்னையிலும் கூடுதலான அமுக்கம் தேவைப்பட்டது. 2016இல் இந்த முடிவுகள் வெளியாயின. அடுத்து அதே கிணற்றில், 310 மீற்றர் ஆழமளவில், குழாயைச் சுற்றியுள்ள சீமெந்து வளையத்திலேயே இருந்த ஓர் ஓட்டையைக் கையாண்டார்கள். அதுவே உண்மையான நோய். அதுவும் பெரிதும் அடைபட்டது. இன்று மொன்டானாவின் பியூட் நகரில் இந்த முறையை வணிகமாகச் செய்யும் நிறுவனமும் இருக்கிறது. எரிவாயு கசியும் எண்ணெய்க் கிணறுகளே அதன் முதன்மையான வாடிக்கை.

பத்திரிகைக்காரன் இந்த இடத்தில்தான் தலைப்பிடத் துடிப்பான். எனக்கு 1996 நினைவுக்கு வந்து கையைப் பிடித்துக்கொள்கிறது. 340 மீற்றர் ஆழத்தில் அடர்ந்த காபனீரொட்சைட்டு இருக்காது. கோர்காசில் அடைபட்டது நீர் போகும் வழி. உண்மையான சேமிப்பு அதைவிட இரண்டு, மூன்று மடங்கு ஆழத்தில் இருக்கும். ஆழம் கூடினால் வெப்பம் கூடும். மிக்கெலின் பக்ரீரியா அதைத் தாங்காது. ஆகவே வெப்பமான கிணறுகளுக்கு நுண்ணங்கியை விட்டுவிட்டு நொதியத்தை மட்டும் அனுப்பலாமா என்று பார்த்திருக்கிறார்கள். எந்த நொதியத்தை? சம்னர் அரைத்த அதே அவரை விதையின் மாவிலிருந்து வரும் யூரியேசை! அடுத்து, யூரியா பிளந்தால் அமோனியம் மிஞ்சும். நன்னீர்ப் படைக்கு அருகே அதை விட்டுவைக்க முடியாது.

எல்லாவற்றிலும் பெரிய கேள்வி வேறு. காபனீரொட்சைட்டு கரைந்த நீர் அமிலம். அது சீமெந்தையும் அரிக்கும், சுண்ணக்கல்லையும் கரைக்கும். எங்கள் குடாநாட்டுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. புத்தூரின் நிலாவரைக் கிணறு மனிதர் தோண்டியதன்று. மழைநீர் காபனீரொட்சைட்டைச் சுமந்துகொண்டு சுண்ணக்கல்லைக் கரைத்துக் கரைத்து உண்டாக்கிய குழி அது. ஆனால் அங்கே புதுநீர் ஓயாது ஓடுகிறது. ஆழத்திலே அடைபட்ட வெடிப்பில் நீர் நகராது நிற்குமாயின், அது கல்லைச் சிறிது கரைத்து நிறைவடைந்துவிடும். கரைதலும் அத்துடன் நிற்கும். கசிவு கொஞ்சம் எஞ்சியிருந்தால்தான் தொல்லை. அப்போது புதிய அமிலநீர் வந்துகொண்டே இருக்கும். 1.9ஐ 0.47ஆகக் குறைத்தது பாராட்டத்தக்கது. சுழியமாக்கவில்லை என்பதையும் சேர்த்தே எழுதவேண்டும்.

இந்தக் கவலை ஏட்டளவில் நிற்கவில்லை. இலினோய் மாநிலத்தின் டெக்கேற்றர் நகரில், ஆர்ச்சர் டானியல்ஸ் மிட்லன்ட் நிறுவனத்தின் சோள ஆலை வளவில், 2011க்கும் 2014க்கும் இடையே அரசின் உதவியோடு சுமார் 10 இலட்சம் தொன் காபனீரொட்சைட்டு புதைக்கப்பட்டு, பிறகு பெரிய அளவில் பணி தொடர்ந்தது. 2024இல் அங்கே கசிவு வெளிவந்தது. வாயுவை உள்ளே அனுப்பும் கிணறு கசியவில்லை. உள்ளே நடப்பதைக் கண்காணிக்கும் கிணறே கசிந்தது. அதன் உருக்குக் குழாய் அரிக்கப்பட்டு, அனுமதிக்கப்பட்ட படையை விட்டு மேலே திரவம் நகர்ந்திருந்தது. நகரத்தின் குடிநீருக்கு ஆபத்து இல்லை என்று நிறுவனம் சொன்னது. சுற்றாடல் முகவர் நிலையம் விதிமீறல் அறிவித்தல் அனுப்பியது. 2024 செப்டெம்பரில் நிறுவனம் உட்செலுத்தலை இடைநிறுத்தியது. காவற்காரன் நின்ற வாசலே திறந்துகொண்டது என்று என் பழைய பிரதம உதவி ஆசிரியர் சொல்லியிருப்பார்.

கோர்காஸ் மின்நிலையம் 2019 ஏப்ரலில் மூடப்பட்டுவிட்டது. அதன் புகையைப் புதைக்கலாமா என்று பார்க்கத் தோண்டிய கிணறு, அந்த வேலைக்கு ஒருபோதும் பயன்படவில்லை. சின்னஞ்சிறு உயிர் ஒன்று கல்லைக் கட்டும் என்று காட்டியதற்காக மட்டும் ஆய்வுக் கட்டுரைகளில் அதன் பெயர் நிற்கிறது.

அமெரிக்காவின் 2010ஆம் ஆண்டு விதிகளின்படி, காபனீரொட்சைட்டைப் புதைத்து முடித்த நிறுவனம் அதன்பின் 50 ஆண்டுகள் அந்த இடத்தைக் கண்காணிக்க வேண்டும். தக்க சான்று காட்டினால் அதையும் குறைத்துக்கொள்ளலாம். ஐரோப்பாவின் 2009ஆம் ஆண்டுப் பணிப்புரை 20 ஆண்டுகளின் பின் பொறுப்பை அரசிடம் ஒப்படைக்க இடமளிக்கிறது. யூட்டாவின் அந்தக் கிணறு தோண்டப்பட்டு 50 ஆண்டுகள் நிறைந்தது, நியொஸ் ஏரி பொங்கிய காலத்தில். அது இன்னும் பீறிட்டுக்கொண்டிருக்கிறது.